நேபாளத்துக்கு எந்த வாசல்? விமானம், ரயில், சாலை: தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

நேபாளம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "விசா வேணுமா?" என்றுதான். வேண்டாம். 1950-ல் இந்தியாவும் நேபாளமும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமலே போய்வரலாம். அடுத்த கேள்வி, "டிக்கெட் எவ்வளவு ஆகும்?" அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எல்லையைத் தாண்டிய பிறகு எந்த ஊருக்குப் போகப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். எந்த வழியாக நுழைவது, எதில் போவது, எத்தனை நாள் பிடிக்கும், எவ்வளவு செலவாகும் எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

நேபாளம் கிழக்கு மேற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் நாடு. நடுவில் எல்லாம் மலைச் சாலை. வரைபடத்தில் 200 கிலோமீட்டர் என்றால் நம் ஊர்க் கணக்கில் நாலு மணி நேரம் என்று நினைத்துவிடக் கூடாது. எட்டு மணி நேரம் ஆகலாம். வடமேற்கே மலைமேல் இருக்கும் முக்திநாத் கோயிலுக்குப் போகிறவர் மலிவு என்று கிழக்கு எல்லையில் போய் இறங்கினால், மிச்சம் பிடித்த பணம் பேருந்திலேயே கரைந்துவிடும். முதுகுவலி தனி.

போகும் இடத்தை வைத்து வாசலைத் தேர்ந்தெடுங்கள்

காட்மாண்டுவும் அங்குள்ள பசுபதிநாத் கோயிலும் மட்டும் போதும் என்றால் விமானம். செலவைக் குறைக்க வேண்டும், உடம்பு தாங்கும் என்றால் பீகாரின் ரக்சால் வழியாகத் தரைமார்க்கம். எதிரே இருப்பது பீர்கஞ்ச்.

லும்பினி, போக்ரா, முக்திநாத் என்றால் உத்தரப் பிரதேசத்தின் சுனௌலி. கோரக்பூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். எல்லைக்கு அந்தப் பக்கம் பைரஹவா; அங்கிருந்து லும்பினிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

சீதை பிறந்த ஊர் என்று கொண்டாடப்படும் ஜனக்பூர் என்றால் பீகாரின் ஜெய்நகர். பயணிகள் ரயில் எல்லை தாண்டிப் போகும் இடம் இதுதான்.

டார்ஜிலிங், சிக்கிம் பார்த்துவிட்டு அப்படியே நேபாளம் என்று திட்டமிருந்தால் சிலிகுரிக்குப் பக்கத்தில் பானிடங்கி, எதிரே காகர்பிட்டா. அங்கிருந்து காட்மாண்டுவுக்குப் பேருந்தில் ஒரு முழு நாள் போய்விடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களை அழைத்துப்போகும் குடும்பங்களுக்கு நான் சொல்வது ஒரே யோசனைதான்: காட்மாண்டுவுக்கு விமானம், அங்கிருந்து போக்ராவுக்கும் விமானம். பேருந்து வேண்டாம். நாற்பது வயதுக்குள் இருக்கும் நண்பர்கள் குழு என்றால் சுனௌலியில் நடந்து நுழைந்து லும்பினி, போக்ரா, காட்மாண்டு பார்த்துவிட்டு, காட்மாண்டுவிலிருந்து விமானத்தில் திரும்புவது நல்ல சுற்று. வந்த வழியே திரும்பும் அலுப்பு இல்லை.

அடையாள அட்டை: பயணம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்

விசா வேண்டாம் என்பதால் ஆதார் போதும் என்று கிளம்பி, விமான நிலையக் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விமானத்தில் நேபாளம் போகும் இந்தியருக்கு இரண்டில் ஒன்று கட்டாயம்: செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அல்லது தேர்தல் ஆணையம் கொடுத்த வாக்காளர் அட்டை. 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் எதுவும் எடுபடாது.

15 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் சலுகை உண்டு. வயதும் புகைப்படமும் உள்ள ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், ரேஷன் அட்டை போன்றவற்றைக் காட்டலாம். 15 முதல் 18 வயது வரை உள்ள மாணவர்கள், அதற்கென்று வகுக்கப்பட்ட படிவத்தில் பள்ளித் தலைமையாசிரியரிடம் அடையாளச் சான்று வாங்கிப் போகலாம். கணவன், மனைவி, சிறு பிள்ளைகள், பெற்றோர் என்று ஒரே குடும்பமாகப் போகும்போது ஒருவரிடம் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருந்தால், மற்றவர்கள் புகைப்பட அடையாளமும் உறவுக்கான சான்றும் காட்டிப் போகலாம் என்றும் விதி இருக்கிறது. ஆனால் அந்த விதியைக் கவுண்டரில் இருக்கும் ஊழியருக்கு நாம் எடுத்துச்சொல்லிப் புரியவைக்க வேண்டிவரலாம். விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது அந்த வாக்குவாதம் யாருக்கும் வேண்டாம். ஆளுக்கொரு அட்டை இருப்பதுதான் நிம்மதி.

இதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே ஒரு தலைவலி: இனிஷியல். வாக்காளர் அட்டையில் "முருகன்" என்று மட்டும் இருக்கும்; அப்பா பெயர் கீழே தனியாக இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயராக ஏறியிருக்கும். டிக்கெட் போடும் தளமோ குடும்பப்பெயர் கட்டத்தை நிரப்பாமல் விடாது. எந்த அட்டையைக் கையில் எடுத்துப்போகிறீர்களோ அதில் ஆங்கிலத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அதேபோல் டிக்கெட் போடுங்கள். அட்டையில் ஒரே பெயர்தான் இருக்கிறதென்றால், ஒற்றைப் பெயரை எப்படி நிரப்புவது என்று அந்த விமான நிறுவனத்திடமே கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். போகும்போது பாஸ்போர்ட், வரும்போது வாக்காளர் அட்டை என்று மாற்றி மாற்றிக் காட்ட வேண்டாம்.

பழைய கறுப்பு வெள்ளை வாக்காளர் அட்டையில் முகம் தெரியாத அளவுக்கு மங்கியிருந்தால் புதிய பிளாஸ்டிக் அட்டைக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். செல்போனில் வைத்திருக்கும் நகலை நம்பிப் போகாதீர்கள். அசல் கையில் இருக்க வேண்டும். தரைவழி எல்லையில் கெடுபிடி குறைவுதான். நடந்துபோகும் இந்தியர்களைப் பல நேரம் கேட்பதே இல்லை. ஆனால் கேட்கும் நாளில் காட்ட ஏதாவது வேண்டுமே. உள்நாட்டு விமானத்துக்கும் ஓட்டல் அறைக்கும் அதே அட்டைதான்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் சேர்ந்து வந்தால் கணக்கு வேறு. இலங்கையர்களுக்கு ஓர் ஆண்டில் முதல் முறை வரும்போது 30 நாளுக்கு நேபாள விசா இலவசம். மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பிய நாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் காட்மாண்டு விமான நிலையத்திலேயே விசா வாங்கலாம்: 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50, 90 நாளுக்கு 125. அவர்கள் கவனிக்க வேண்டியது இந்திய விசாவைத்தான். ஒருமுறை நுழைவு விசாவில் இந்தியா வந்து நேபாளம் போய்விட்டால் திரும்பி நுழைய வழியில்லை. தரைவழி எல்லைகளில் பல, இந்தியருக்கும் நேபாளிக்கும் மட்டும்தான் திறந்தவை, ஜெய்நகர் அப்படிப்பட்டது. அவர்களுக்கு விமானமே நல்லது.

பணம்: ஐசியா, என்சியா?

1993 முதல் இந்திய ரூபாய்க்கும் நேபாள ரூபாய்க்கும் நிலையான மதிப்பு: நம் 100 ரூபாய்க்கு அவர்களுடைய 160. கடையில் விலை கேட்கும்போது "ஐசியா, என்சியா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐசி என்றால் இந்திய ரூபாய், என்சி என்றால் நேபாள ரூபாய். எல்லையோர ஊர்களிலும் போக்ராவிலும் வண்டிக்காரர் "ஐந்நூறு" என்று மொட்டையாகச் சொல்வார். என்சி என்று நினைத்து ஏறினால், இறங்கும்போது ஐசி என்பார். 500 ஐசி என்றால் 800 என்சி. மனக்கணக்குக்கு எளிய வழி: என்சி விலையை எட்டால் வகுத்து ஐந்தால் பெருக்குங்கள்.

2018 டிசம்பரில் நேபாள அரசு 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்தியத் தாள்களுக்குத் தடை போட்டது. பிறகு அந்தக் கெடுபிடியைத் தளர்த்தும் முயற்சிகள் நடந்தன. விதி எப்படி மாறினாலும், எந்தக் கடையிலும் முகம் சுளிக்காமல் வாங்குவது 100 ரூபாய்த் தாள்தான். வங்கியில் ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்து 100 ரூபாய்க் கட்டுகளாக வாங்கிக்கொள்ளுங்கள். 500 ரூபாய்த் தாள்கள் சில போதும், திரும்பும்போது இந்தியப் பக்கத்தில் செலவழிக்க.

2024 மார்ச் முதல் நேபாளக் கடைகளில் போன்பே கியூஆர் பலகையை நம் யூபிஐ செயலியால் ஸ்கேன் செய்து பணம் கட்டலாம். அந்தப் பெயரில் நம் ஊர் செயலி ஒன்று இருப்பதால் குழம்ப வேண்டாம். இது நேபாளத்தின் தனி நிறுவனம். காட்மாண்டு, போக்ராவில் இது கைகொடுக்கும். ஆனால் நம் சிம் ரோமிங்கில் இருந்து இணையமும் கிடைத்தால்தான் வேலை செய்யும். மலையில் ரொக்கம்தான்.

விமானத்தில்

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு வழக்கமான வழி டெல்லி மாறிப் போவதுதான். டெல்லியிலிருந்து காட்மாண்டு ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சென்னை–டெல்லி ஒரு டிக்கெட், டெல்லி–காட்மாண்டு வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கினால் சில நேரம் விலை குறையும். ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு நம்மேல் எந்தப் பொறுப்பும் இல்லை. டிசம்பர், ஜனவரியில் டெல்லியில் பனிமூட்டம், காட்மாண்டுவிலும் காலைப் பனி. அந்த மாதங்களில் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள், அல்லது நடுவில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள். விசா இல்லை என்றாலும் இது சர்வதேசப் பயணம்தான். குடியேற்றச் சோதனை உண்டு, மூன்று மணி நேரம் முன்பே போக வேண்டும்.

இருக்கை தேர்ந்தெடுக்கும்போது போகையில் இடதுபக்க ஜன்னல், வருகையில் வலதுபக்க ஜன்னல். வானம் தெளிவாக இருந்தால் அன்னபூர்ணா, மனாஸ்லு என்று வெள்ளைச் சுவர்போல வரிசையாக வரும். இறக்கைக்கு மேலுள்ள வரிசைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

காட்மாண்டு திரிபுவன் விமான நிலையத்தில் இறங்கியதும் கூட்டம் போய் நிற்கும் விசா வரிசை நமக்கில்லை. நேராகக் குடியேற்றக் கவுண்டருக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும். கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளி வையுங்கள். நேபாள நேரம் நம் நேரத்தைவிடக் கால் மணி முன்னால். உள்நாட்டு விமானம் பிடிக்கும் நாளில் இந்தக் கால் மணி முக்கியம். வெளியே ப்ரீபெய்டு டாக்ஸி உண்டு. பதாவ், இன்டிரைவ் போன்ற செயலிகளில் வண்டி மலிவு. பசுபதிநாத் கோயில் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூலக்கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டும் அனுமதி. தோல் பொருள்கள் உள்ளே கூடாது, படம் எடுக்கவும் கூடாது. அங்கே பூஜை செய்யும் பட்டர்கள் கர்நாடகத்திலிருந்து வருகிறவர்கள்.

ரயிலில்

தமிழ்நாட்டிலிருந்து ஏறி நேபாளத்தில் இறங்கும் ரயில் கிடையாது. எல்லை வரை போகலாம், அவ்வளவுதான். முன்பதிவுக் காலம் 2024 நவம்பரிலிருந்து 120 நாளுக்குப் பதில் 60 நாள். வடக்கே போகும் நீண்டதூர ரயில்களில் முதல் நாளே இடம் தீர்ந்துவிடும் என்பதால் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

சுனௌலிக்குப் போக, கேரளத்திலிருந்து சென்னை வழியாகக் கோரக்பூர் போகும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ். வண்டியிலேயே இரண்டு இரவு. பீகார் பக்கம் என்றால் பெங்களூரிலிருந்து சென்னை வழியாகத் தானாபூர் போகும் சங்கமித்ரா. இறங்கிப் பாட்னாவிலிருந்து ரக்சாலுக்கு ரயிலோ பேருந்தோ பிடிக்க வேண்டும். அவ்வளவு நேரம் உட்கார முடியாதவர்கள் கோரக்பூர், பாட்னா, தர்பங்கா மூன்று ஊர்களிலும் விமான நிலையம் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். பாதி வானம், பாதி தரை என்று கலந்து போவது பலருக்குத் தோன்றாத யோசனை, ஆனால் செலவையும் களைப்பையும் சமன் செய்வது அதுதான். காசியைச் சேர்த்துப் பார்க்கிறவர்கள் காசியிலிருந்து ரயிலில் கோரக்பூர் வந்து சுனௌலி போகலாம்.

ரயிலிலேயே எல்லை தாண்ட வேண்டும் என்ற ஆசை இருப்பவர்களுக்கு ஜெய்நகர். மைசூரிலிருந்து பெரம்பூர் வழியாக வாரம் ஒருமுறை தர்பங்காவுக்குப் பாக்மதி எக்ஸ்பிரஸ் போகிறது. 2024 அக்டோபரில் கவரைப்பேட்டையில் சரக்கு ரயிலில் மோதியது இந்த வண்டிதான். தர்பங்காவில் இறங்கி மதுபனி வழியாக ஜெய்நகர் போக உள்ளூர் ரயில்கள் உண்டு, 70 கிலோமீட்டருக்குள்தான்.

ஜெய்நகரில் இந்திய ரயில் நிலையத்தை ஒட்டியே நேபாள ரயில்வேயின் தனி நிலையம். நேபாளத்தை ஆண்ட ராணாக்கள் காலத்தில் 1930-களில் போட்ட குறுகிய பாதை இது. அகலப் பாதையாக மாற்றி 2022 ஏப்ரல் 2 அன்று இரு நாட்டுப் பிரதமர்களும் சேர்ந்து மீண்டும் தொடங்கிவைத்தார்கள். ஜெய்நகரிலிருந்து ஜனக்பூரைத் தாண்டி குர்தா வரை 35 கிலோமீட்டர். 2023-ல் பிஜல்புரா வரை நீட்டினார்கள். ஓடுவது கொங்கண் ரயில்வே மூலம் வாங்கிய டீசல் வண்டிகள். டிக்கெட்டை ஐஆர்சிடிசியில் தேடாதீர்கள், அந்த நிலையத்துக் கவுண்டரில்தான் வாங்க வேண்டும். அடையாள அட்டையையும் அதன் நகலையும் கையில் வைத்திருங்கள். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான். அதனால் முந்தின இரவே ஜெய்நகருக்கோ தர்பங்காவுக்கோ வந்துவிடுவது நல்லது.

ஜனக்பூரில் பார்க்க வேண்டியது ஜானகி கோயில். டீக்கம்கட் ராணி கட்டி 1910 வாக்கில் முடிந்த வெள்ளை மாளிகை அது. கார்த்திகை, மார்கழியை ஒட்டி வரும் விவாக பஞ்சமிக்கு ஊரே நிரம்பி வழியும்; அறை கிடைக்காது. ஜனக்பூரிலிருந்து காட்மாண்டுவுக்கு அரை மணி நேர விமானம் இருக்கிறது. சாலை வழியாகப் போனால் ஜப்பான் உதவியில் கட்டிய பிபி நெடுஞ்சாலை. 2024 செப்டம்பர் வெள்ளத்தில் அது பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது. மழை மாதங்களில் விமானமே மேல்.

சாலையில்: சுனௌலியைத் தாண்டுவது எப்படி

கோரக்பூர் நிலையத்துக்கு வெளியே வந்ததுமே "காட்மாண்டு, போக்ரா டைரக்ட்" என்று ஆட்கள் சூழ்ந்துகொள்வார்கள். எல்லை வரை மட்டும் பணம் கொடுங்கள். எல்லைக்கு அப்பால் செல்லும் என்று சொல்லி விற்கும் டிக்கெட்டை அந்தப் பக்கத்துப் பேருந்துக்காரர் பல நேரம் மதிப்பதில்லை. அரசுப் பேருந்தோ பகிர்வு ஜீப்போ எது கிடைத்தாலும் சுமார் மூன்று மணி நேரத்தில் சுனௌலி.

சுனௌலியில் லாரி வரிசை கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். வண்டி அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இறங்கி நடந்துவிடுங்கள். பேட்டரி ரிக்‌ஷா, சைக்கிள் ரிக்‌ஷா எல்லாம் உண்டு. இந்தியப் பக்கம் சோதனைச் சாவடி, பிறகு நேபாள நுழைவு வளைவு, அந்தப் பக்கம் பேலஹியா. பைகளைத் திறந்து பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம். பணம் மாற்றும் கடைகள் இரண்டு பக்கமும் இருக்கும். 100-க்கு 160 என்பதில் ஓரிரு ரூபாய் குறைத்துக் கொடுப்பார்கள். அதற்கு மேல் குறைந்தால் அடுத்த கடை. வாங்கிய தாள்களை அங்கேயே எண்ணுங்கள். பைரஹவா நாலு கிலோமீட்டர். அங்கிருந்து லும்பினிக்கு உள்ளூர் பேருந்து, போக்ராவுக்கு எட்டு ஒன்பது மணி நேரப் பேருந்து.

பேருந்து டிக்கெட்டில் தேதியைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். நேபாளத்தில் விக்ரம் சம்வத் நாட்காட்டி; ஆண்டு நம் கணக்கைவிட 57 வரை கூடுதலாக இருக்கும், மாதமும் நாளும்கூட வேறு. "இங்கிலீஷ் தேதி என்ன?" என்று கேட்டு, டிக்கெட்டின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரக்சால்–பீர்கஞ்ச் வழியும் இதே மாதிரிதான், கொஞ்சம் தூசி அதிகம். பீர்கஞ்சிலிருந்து காட்மாண்டுவுக்குப் பேருந்து சுற்றிக்கொண்டு போகும். ஹேட்டௌடா, குலேகானி வழியாகப் போகும் சுமோ வண்டிகள் பாதித் தூரத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் சேர்த்துவிடும். சாலை வளைந்து வளைந்து ஏறும். வாந்தி வருகிறவர்கள் முன்சீட்டுக்கு இப்போதே துண்டு போட்டு வையுங்கள்.

டெல்லியிலிருந்து காட்மாண்டுவுக்கு 2014-ல் தொடங்கிய நேரடிப் பேருந்து பற்றியும் கேட்கிறார்கள். ஒரு நாளுக்கு மேல் உட்கார வேண்டிய பயணம். தமிழ்நாட்டிலிருந்து டெல்லி வரை போய்விட்டவர் அதில் ஏறுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

சொந்தக் காரிலோ பைக்கிலோ போகிறவர்களுக்கு எல்லையில் முக்கியமான சொல் 'பன்சார்', அதாவது நேபாளச் சுங்கம். ஆர்சி, ஓட்டுநர் உரிமம், காப்பீடு மூன்றும் அசலாகக் காட்டி, எத்தனை நாள் தங்குகிறீர்களோ அத்தனை நாளுக்குக் கட்டணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். இந்திய ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லும். டிஜிலாக்கர் அங்கே செல்லாது. வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய அனுமதிக் கடிதம் வேண்டும். ஓர் ஆண்டில் மொத்தம் 30 நாள்தான் வண்டி உள்ளே இருக்கலாம். நாள் கணக்கைக் கொஞ்சம் கூட்டியே கட்டுங்கள். நிலச்சரிவில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டால் அபராதம் கட்டுவதைவிட அது லாபம். ரசீதைத் தொலைத்தால் வெளியே வருவது பெரும்பாடு. வழியில் போலீஸ் நிறுத்தினாலும் அதைத்தான் கேட்பார்கள். குடித்துவிட்டு ஓட்டுவதில் காட்மாண்டு போலீஸ் துளியும் விட்டுக்கொடுக்காது.

முக்திநாத் வரை

தமிழ்நாட்டிலிருந்து நேபாளம் போகிறவர்களில் பெரும் பங்கு முக்திநாதரைச் சேவிக்கப் போகிறவர்கள். வைணவர்கள் 108 திவ்ய தேசங்களில் சாளக்கிராமம் என்று கொண்டாடும் தலம். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடியது. கோயில் இருப்பது சுமார் 3,700 மீட்டர் உயரத்தில். போக்ராவின் உயரம் 800 மீட்டர் சொச்சம். இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதே இல்லை.

போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சிறு விமானம் இருபது நிமிடம். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலுக்கு மேல் காற்று சுழற்றியடிக்கும் என்பதால் காலையில் மட்டும்தான் பறக்கும். மேகம் வந்தால் ரத்து, மறுநாளும் ரத்து ஆகலாம். பாதுகாப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: 2022 மே மாதம் இந்த வழித்தடத்தில் ஒரு விமானம் மலையில் மோதி அதிலிருந்த 22 பேரும் இறந்தார்கள், அதில் நால்வர் இந்தியர்கள். 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியம் நேபாள விமான நிறுவனங்களைத் தன் வானில் அனுமதிக்காமல் வைத்தது. வானிலை சரியில்லை என்று விமானி பறக்க மறுத்தால் சண்டை போடாதீர்கள், நன்றி சொல்லுங்கள்.

சாலை வழியாக ஜீப்பில் பேனி, தாதோபானி, மார்பா, ஜோம்சோம், காக்பேனி என்று போனால் பத்து மணி நேரம். ஒரே நாளில் ஏறாமல் ஜோம்சோமிலோ மார்பாவிலோ ஓர் இரவு தங்குங்கள். அங்கே உயரம் 2,700 மீட்டருக்குப் பக்கம், உடம்பு பழக நேரம் கிடைக்கும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் உயரத்தால் வருவதாக இருக்கலாம். மூச்சுத் திணறலோ தள்ளாட்டமோ சேர்ந்தால் தரிசனம் ஆகவில்லையே என்று யோசிக்காமல் உடனே கீழே இறங்குங்கள். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். பயணக் காப்பீடு எடுக்கும்போது 3,500 மீட்டருக்கு மேலும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் அது பொருந்துமா என்று கேளுங்கள்.

முக்திநாத் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கிறது. நுழைவு அனுமதிச் சீட்டு இந்தியா, இலங்கை உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. போக்ராவிலேயே வாங்கிவிடுங்கள். வண்டி ராணிபௌவா என்ற ஊர் வரைதான். அங்கிருந்து கோயிலுக்கு ஏற்றம். நடந்தால் அரை மணி, முடியாதவர்களுக்குக் குதிரை உண்டு. கோயிலுக்குப் பின்னால் அரைவட்டச் சுவரில் 108 தாரைகள். பனியுருகிய தண்ணீர் தலையில் விழும்போது மூச்சு ஒரு கணம் நின்றுவிடும். இளைஞர்கள் ஓடிக்கொண்டே நனைந்துவிடுகிறார்கள். பெரியவர்கள் கையில் ஏந்தித் தலையில் தெளித்து புரோக்ஷணம் செய்துகொண்டால் போதும். மாற்றுத் துணியையும் உலர்ந்த துண்டையும் அறையில் விடாமல் கையோடு கொண்டுபோங்கள்.

எப்போது போவது, எப்போது கூடாது

மார்ச் பாதியிலிருந்து மே வரை, பிறகு செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, நிலச்சரிவு. 2024 ஜூலையில் சித்வன் மாவட்டம் சிமல்தாலில் நள்ளிரவு தாண்டிய வேளையில் இரண்டு பேருந்துகளை நிலச்சரிவு திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது. மழைக்காலத்தில் இரவுப் பேருந்து வேண்டவே வேண்டாம்.

புரட்டாசி நவராத்திரியை ஒட்டி அவர்களுக்குத் தசைன் பண்டிகை. நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும். பேருந்தும் கிடைக்காது, கடையும் திறக்காது. சனிக்கிழமை அவர்களுக்கு வார விடுமுறை. அலுவலக வேலை எதையும் அன்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

தேர்தலையும் பாருங்கள். நேபாளத்தில் வாக்குப்பதிவு என்றாலும், பீகாரிலோ உத்தரப் பிரதேசத்தின் எல்லை மாவட்டங்களிலோ வாக்குப்பதிவு என்றாலும், அதற்குமுன் இரண்டு மூன்று நாள் தரைவழி எல்லையை மூடுவது வழக்கம். 2025 செப்டம்பர் இளைஞர் போராட்டத்தின்போது காட்மாண்டு விமான நிலையமே மூடப்பட்டது. அதனால் திரும்பும் நாளுக்கும் வேலைக்குப் போகும் நாளுக்கும் நடுவில் ஒரு நாளாவது விட்டு வையுங்கள்.

திரும்பும்போது

அட்டையைத் தொலைத்துவிட்டால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் நகல் வாங்கிக்கொண்டு காட்மாண்டு லைன்சௌரில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். பீர்கஞ்சில் துணைத் தூதரகம் உண்டு. பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை நகல்களை மின்னஞ்சலில் போட்டு வைத்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

காட்மாண்டு விமான நிலையத்தில் சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்து விமானப் படிக்கட்டுக்கு வந்தால், அங்கே இன்னொரு முறை பையைத் திறக்கச் சொல்வார்கள். 1999 டிசம்பரில் ஐசி 814 விமானம் கடத்தப்பட்டது இங்கிருந்து கிளம்பிய பிறகுதான். அந்தக் கடத்தலுக்குப் பிறகு இந்திய விமானங்களுக்கு வந்த கூடுதல் சோதனை இது. ருத்திராட்சம், சாளக்கிராமம், சாமி படங்களைக் கைப்பையில் வைத்தால் எளிதில் எடுத்துக் காட்டும்படி மேலாக வையுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

டெல்லியில் இறங்கி உள்நாட்டு விமானத்துக்கு மாறும்போது பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடியும் கொடுக்க வேண்டும். சென்னை வரை சீட்டு ஒட்டிவிட்டார்களே என்று பெட்டியை விட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். மிச்சமுள்ள நேபாள ரூபாயைக் கிளம்புவதற்கு முன்பே காட்மாண்டுவிலோ எல்லையிலோ மாற்றிவிடுங்கள். சென்னையில் அதை வாங்க ஆள் தேடுவது கஷ்டம்.